மீதி இருபது

குகை மெயின் ரோட்டில்
செருப்புக் கடைக்கு மேல் எங்கள் லேப்.
ஒரே ஜன்னல். அதையும் ஜெனரேட்டர் மறைக்கும்.
கூரையில் நாற்பது வாட் டியூப் லைட் இரண்டு,
முனை கறுத்து,
சோக்கு எந்நேரமும் முனகிக்கொண்டு.

அந்த வெளிச்சத்தில்தான்
பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக்
கொதிக்கவைத்து நிறம் எழுதுவேன்.
நீலம் என்றால் சர்க்கரை இல்லை.
பச்சை ஒரு பிளஸ், மஞ்சள் இரண்டு,
ஆரஞ்சு மூன்று,
செங்கல் என்றால் டாக்டரே கூப்பிடுவார்.
பதினொரு வருஷம் எழுதியிருக்கிறேன்.

மாதையனுக்கு மஞ்சள் என்று எழுதினேன்.
சாயப் பட்டறைக்காரர்.
நகக்கண்ணில் அரக்கு நிறம் போகவில்லை.
ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல்
"அந்தக் குழாயைக் கொஞ்சம் குடுங்க" என்றார்.
வராந்தாவுக்கு எடுத்துப்போய்
ஏற்காட்டு மலைப் பக்கம் தூக்கிப் பிடித்தார்,
பதினொரு மணி வெயிலில்.
"இது மஞ்சளாம்மா?
நூலா இருந்தா வியாபாரி திருப்பி அனுப்பியிருப்பான்."

ஆரஞ்சு.
குழந்தைகூடச் சொல்லும் ஆரஞ்சு.
அடித்துவிட்டு மூன்று பிளஸ் போட்டேன்.
சர்க்கரை கூடிப்போச்சே என்ற கவலையில்லாமல்
நிறத்தில் ஜெயித்த சந்தோஷத்தோடு
படி இறங்கினார் மனுஷர்.
எனக்குத்தான் ராத்திரி தூக்கம் இல்லை.
இதற்கு முன்னால் எத்தனை மஞ்சள்?

"நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்று
கோகிலா மேடம் பணம் தந்தார்.
செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
எந்தப் பெட்டியைத் தொட்டாலும்
"கரண்ட் மிச்சங்க."
ஒன்றின் மேல் பச்சை இலை,
இன்னொன்றில் உலக உருண்டை.
நான் பெட்டியைத் திருப்பிப்
பொடி எழுத்துக்குப் போனேன்.

வாட் என்பது அது தின்பது.
லூமன் என்பது அது தருவது.
இருபத்தெட்டு தின்று இரண்டாயிரத்து அறுநூறு தருகிறது புதுசு.
பழசுக்கு நாற்பது என்று பேர்தான்.
சோக்கு தன் பங்குக்குப் பன்னிரண்டைத் தின்றுவிட்டுப்
பந்தியில் அழைக்காமல் உட்கார்ந்தவன்போல்
ஏப்பம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பவர் ஃபேக்டர் பாயிண்ட் ஒன்பது ஐந்து.
"இது என்னங்க?"
"நல்லதுங்க."

நூற்று நாற்பது வோல்ட்டிலும் எரியுமாம்.
தறியெல்லாம் ஓடுகிற சாயங்காலத்தில்
குகைக்கு அது வேண்டும்.

பால் நிற மூடி போட்டது அழகாக இருந்தது.
ஆனால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை
மூடியே வைத்துக்கொள்ளும் என்று
அதன் அட்டையே ஒத்துக்கொள்கிறது.
வேண்டாம்.

கெல்வின்தான் குழப்பியது.
எண் ஏற ஏறச் சூடு என்கிறார்கள்,
வெளிச்சமோ குளிர்ந்துகொண்டே போகிறது.
இரண்டாயிரத்து எழுநூறு, அகல் விளக்கு.
ஆறாயிரத்து ஐநூறு,
மேகம் மூடிய ஏற்காட்டு மத்தியானம்.

கடைசி வரியில் இருந்தது நான் தேடியது.
நிறம் காட்டும் எண்: எண்பதுக்கு மேல்.
வெயிலுக்கு நூறு.
"பழைய டியூப்புக்கு எவ்வளவுங்க?"
யாரும் கேட்டதில்லை போல.
உள்ளே போய்த் தூசி தட்டி
ஒரு கேட்லாக் கொண்டுவந்தார்.
அறுபத்திரண்டு.

வெயிலுக்கும் அதற்கும் நடுவே முப்பத்தெட்டு.
அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடந்தது
மாதையனின் ஆரஞ்சு.

பச்சமுத்து வந்து மாட்டினான்.
ஸ்டார்ட்டர் இல்லை. இமைக்காமல் எரிந்தது.
அறை சட்டென்று அமைதியானபோதுதான்
இத்தனை வருஷம் காதுக்குள் முனகல் இருந்தது தெரிந்தது.
என் வெள்ளைக் கோட்டு வெள்ளை இல்லை
என்பதும்.

எண்பதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது,
நூறு என்று போடவில்லை.
இரண்டு நிறத்துக்கு நடுவில் தயங்கும் குழாய் வந்தால்
மீதி இருபதுக்கு
இன்றும் வராந்தாவுக்குப் போகிறேன்.
கீழே செருப்புக் கடைப் பையன்
அண்ணாந்து பார்த்துக் கேட்கிறான்:
"எத்தனை பிளஸ்க்கா?"